கார்டு கையில வந்தாச்சு, கரையில இருந்து இறங்கலாமா?

போன இதழ்ல ஸ்கூபா (சிலிண்டர் காத்தோட தண்ணிக்கடியில நீந்துறது) கோர்ஸ் எப்பிடி நடக்கும் எண்டு எழுதினதுக்குப் பிறகு வந்த கடிதத்தையும் வாட்ஸப் மெசேஜையும் பார்த்தா, கொழும்பில இந்த சீசன்ல கோர்ஸ் முடிச்சு கார்டு எடுத்த ஆக்கள் நிறைய இருக்கு போல. கிட்டத்தட்ட எல்லாரும் கேக்கிறது ஒண்டுதான், வள்ளத்துக்கு காசு குடுக்காம கரையில இருந்தே நடந்து இறங்கி டைவ் பண்ணலாமா, பண்ணினா எப்பிடி எண்டு. அதால இந்த முறை பக்கம் முழுக்க அதுக்கே. ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒண்டாச் சேர்த்திட்டன், கோவிக்காதேங்கோ.

கேள்வி: அக்கா, நான் வெள்ளவத்தையில மரைன் டிரைவ் பக்கம் இருக்கிறன். ஜனவரியில ஹிக்கடுவயில ஓப்பன் வோட்டர் எண்ட முதல் கோர்ஸ் முடிச்சனான், நாலு டைவும் வள்ளத்தில போய்த்தான் இறங்கினது. இப்ப நானும் என்ர கூட்டாளியும் சிலிண்டர் ரெண்டை வாடகைக்கு எடுத்து, வீட்டுக்கு முன்னால இருக்கிற கடல்லயே ஞாயிற்றுக்கிழமைகள்ல இறங்கிப் பழகலாமா? பெற்றோலும் மிச்சம்.
பி. கே., வெள்ளவத்தை

பதில்: தம்பி, பெற்றோல் மிச்சம்தான், ஆனா அங்க இறங்காதேங்கோ. ரயில் பாதையைக் கடந்து, பாசி பிடிச்ச பாறாங்கல்லுக்கு மேலால முழுச் சாமானையும் சுமந்துகொண்டு இறங்கி, அலை நேரா வந்து அடிக்கிற இடத்தில நிண்டு காலுக்கு ஃபின்ஸ் (நீந்துற துடுப்பு) மாட்டோணும், கால் வழுக்கினா டைவ் தொடங்க முதலே முடிஞ்சிரும். அதைத் தாண்டிப் போனாலும் கீழ பார்க்க ஒண்டும் இல்லை, வெள்ளவத்தைக் கால்வாயும் தெஹிவளைக் கால்வாயும் கொண்டுவாற தண்ணி அந்தக் கரையோரத்திலதான் கலக்குது, மழை பெஞ்ச அடுத்த நாள் உங்கட பல்கனியில நிண்டு கடலின்ர நிறத்தைப் பாருங்கோ, விளங்கும். நீட்டின கை தெரியாத தண்ணியில புது ஆள் பழகுறது பயத்தை மட்டும்தான்.

கொழும்பில டைவ் இல்லையா எண்டா இருக்கு, நல்லாவே இருக்கு, கப்பல் சிதைவு பார்க்க வெளிநாட்டில இருந்தே ஆக்கள் வருகினம். ஆனா அதெல்லாம் வள்ளத்தில போற இடம், பேர்பெற்ற சிதைவுகள் கனக்க 30 மீற்றர் பக்கம் கிடக்கு. உங்கட கார்டு 18 மீற்றர் ஆழம் வரைக்கும்தான். கொஞ்ச நாள் போகட்டும்.

கரையில இருந்து பழக ஒரு குடா வேணும், அல்லாட்டி முன்னால முருகைக்கல் அலையை உடைச்சுத் தாற இடம் வேணும். உங்களுக்குக் கிட்ட எண்டா ஹிக்கடுவயில கல்லுக்கு உள்பக்கம், உனவட்டுனக் குடா, இன்னும் கொஞ்சம் தள்ளி மாத்தறைக்குப் பக்கத்தில பொல்ஹேன. இதுகளில ஆழம் சில மீற்றர்தான், வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் போட ஒண்டும் கிடைக்காது, ஆனா உங்களுக்கு இப்ப வேண்டியது அந்தச் சும்மா இருக்கிற தண்ணிதான். ஒழுங்கான சென்டர்காரர் கார்டைக் காட்டினாலும் முதல் தரம் தங்கட ஆள் ஒருத்தரைக் கூட அனுப்பப் பார்ப்பினம். காசு புடுங்கப் பார்க்கினம் எண்டு நினைக்காதேங்கோ, அந்த ஆளுக்கு அந்தக் கல்லும் தெரியும் எந்த நேரம் நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கும் எண்டும் தெரியும், அந்த அறிவைத்தான் நீங்கள் வாங்குறீங்கள்.

கேள்வி: எந்த மாசம் எங்க போறது? ஒவ்வொருத்தர் ஒவ்வொரு மாதிரிச் சொல்லுகினம்.
ஆர். எஸ்., வத்தளை

பதில்: நவம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும் எங்கட பக்கம், அதாவது தென்மேற்கும் தெற்கும். மே தொடங்கி தென்மேல் பருவக்காத்து எழும்பினா இந்தக் கரையை மறந்திட்டு திருகோணமலைப் பக்கம் போங்கோ, செப்டம்பர் வரைக்கும் அங்க நல்லா இருக்கும். இதில கொழும்பு ஆக்களுக்கு அதிர்ஷ்டம், ரெண்டு கரையும் ஒரு நாள் ஓட்டத்துக்குள்ள. ஓகஸ்ட்ல ஹிக்கடுவயில "இண்டைக்குக் கடல் பரவாயில்லை" எண்டு ஆராவது சொன்னா சிரிச்சிட்டு ரொட்டி சாப்பிட்டிட்டு வாங்கோ.

கேள்வி: அக்கா, வெக்கத்தை விட்டுக் கேக்கிறன். போன மாசம் முதல் தரம் கரையில இருந்து இறங்கினன். இடுப்பளவு தண்ணியில நிண்டு ஃபின்ஸ் போடேக்க ஒரு அலை வந்து விழுத்திச்சு, எழும்ப முதல் அடுத்தது. மாஸ்க் போச்சு, ஒரு ஃபின் போச்சு, வாயில ரெகுலேற்றரும் (சிலிண்டர் காத்தை மூச்சுக்குத் தாற கருவி) இல்லை. கூட வந்தவர்தான் தூக்கி விட்டார். கரையில நிண்ட சனம் எல்லாம் சிரிச்சுது. கீழ போனா நான் நல்லாத்தான் டைவ் பண்றன், உள்ள போறதுதான் ஏலாம இருக்கு. ஏதாவது முறை இருக்கா?
த. ம., கொட்டாஞ்சேனை

பதில்: தங்கச்சி, வெக்கப்பட ஒண்டும் இல்லை, கரை டைவில ஆபத்தான துண்டே அந்த இடுப்பளவு தண்ணிதான். புது ஆக்கள் 12 மீற்றர் ஆழத்துக்குப் பயந்து பயந்து படிச்சிட்டு வந்து, ஒரு மீற்றர் தண்ணியில அடிபடுகினம். சிலிண்டர் மட்டுமே 16, 17 கிலோ, தாழுறதுக்குக் கட்டுற ஈயத்தையும் மற்றச் சாமானையும் சேர்த்தா 25 கிலோ தாண்டும், ஒரு முழு அரிசி மூட்டையை முதுகில கட்டிக்கொண்டு அலைக்குள்ள ஒற்றைக் காலில நிக்கிறீங்கள் எண்டு யோசிச்சுப் பாருங்கோ, பெரிய ஆம்பிளையும் விழுவான்.

முதல் வேலை, சாமானைப் போட முதல் கடலைப் பார்க்கிறது. கால் மணித்தியாலமாவது பாருங்கோ. அலை ஒரே அளவா வராது, கொஞ்சம் பெருசா நாலஞ்சு தொடர்ந்து வரும், பேந்து கொஞ்ச நேரம் அடங்கும், அந்த அடங்குற நேரம் எவ்வளவு எண்டு மணிக்கூட்டைப் பார்த்துக் கணக்கெடுங்கோ. எங்க அலை உடையுது எண்டு பாருங்கோ. ஒரு இடத்தில மட்டும் அலை உடையாம, தண்ணி கொஞ்சம் கறுப்பா, நுரை வெளியால போற மாதிரித் தெரிஞ்சா அதுதான் கடல் வெளியால இழுக்கிற வாய்க்கால். புது ஆக்கள் இங்கதான் அமைதியா இருக்கு எண்டு நினைச்சு நேர அதுக்குள்ளதான் இறங்குவினம். அங்க வேண்டாம். தெரியாம மாட்டினாலும் கரையைப் பார்த்து எதிர்த்து நீந்தாதேங்கோ, கரையோட சமாந்தரமாப் பக்கவாட்டில போனா அந்த இழுவை விட்டிரும்.

பேந்து, எல்லாத்தையும் கரையிலயே மாட்டி முடியுங்கோ. மாஸ்க் முகத்தில, ரெகுலேற்றர் வாயில, பிசிடியில (காத்தடிச்சு மிதக்கிற ஜாக்கெட்) கொஞ்சம் காத்து, ஒருத்தரை ஒருத்தர் செக் பண்ணி முடிச்சாச்சு, அதுக்குப் பிறகுதான் கால் நனையோணும். சனம் மாஸ்க்கை நெத்தியில ஏத்திவிட்டிட்டு, ரெகுலேற்றரைத் தொங்கவிட்டிட்டு கதைச்சுக் கதைச்சு நடக்கும். அலைக்கு அது வசதி. வாயில ரெகுலேற்றர் இருந்தா விழுந்தாலும் மூச்சு இருக்கு, மூச்சு இருந்தா பதட்டம் வராது, கொஞ்சநேரம் உருண்டிட்டு எழும்பலாம்.

ஃபின்ஸை எங்க போடுறது எண்டதுதான் உங்கட பிரச்சினை. அலை அடங்கின குடா எண்டா ஃபின்ஸைக் கையில பிடிச்சுக்கொண்டு நடந்து போய், அலை உடையிற இடத்தைத் தாண்டி நெஞ்சளவு தண்ணியில மிதந்துகொண்டே போடுங்கோ, ஒருத்தர் மற்றவரின்ர பிசிடியைப் பிடிச்சிருக்கோணும். கொஞ்சம் அலை இருந்தா கரை விளிம்பிலயே போட்டிட்டு, பின்னுக்கு அல்லது பக்கவாட்டா, காலைத் தூக்காம மணலோட தேய்ச்சுத் தேய்ச்சு நடங்கோ. தேய்ச்சு நடக்கிறதில இன்னொரு லாபம் இருக்கு, மணலுக்குள்ள படுத்திருக்கிற திருக்கை விலகிப் போயிரும். ரெண்டுக்கும் நடுவில, அலை உடையிற கோட்டில நிண்டு போடுறது மட்டும் கூடாது. நீங்கள் நிண்டது அங்கதான். அலை திரும்பிப் போகேக்க குதிக்காலுக்குக் கீழ இருக்கிற மணலை அரிச்சுக்கொண்டு போறது தெரியும், கால் மெல்ல மெல்லச் சரியும், நீங்கள் ஃபின் வாரைப் பார்த்துக் குனிஞ்சிருப்பீங்கள், முதுகில சிலிண்டர் மேல வந்து தலைப் பக்கம் தள்ளும், அந்த நேரம் சின்ன அலையே போதும். அலை வரேக்க பக்கவாட்டாத் திரும்பி, முழங்காலை மடிச்சு, கூட வந்தவரைப் பிடிச்சுக்கொண்டு நில்லுங்கோ, அது போனதும் நாலு அடி வையுங்கோ. மிதக்கத் தொடங்கினா நடக்கிறதை விட்டிட்டு நீந்துங்கோ, அந்த இடத்தில நிண்டு கதைக்கிற வேலை இல்லை, கெதியா அலைக்கு வெளியால போயிரோணும்.

வெளியால வாறதை ஒருத்தரும் கேக்கேல்லை, அது இன்னும் கஷ்டம், ஏனெண்டா அப்ப களைச்சுப் போயிருப்பீங்கள், அலையும் முதுகுப் பக்கத்தால வரும். அலை உடையிற இடத்துக்கு வெளியால நிண்டு திரும்பவும் பாருங்கோ, பெருசா வாறதைப் போகவிடுங்கோ, கடைசி அலையின்ர முதுகோட சேர்ந்து உள்ள வாங்கோ. ரெகுலேற்றரும் மாஸ்க்கும் காய்ஞ்ச மணலுக்கு வாறவரைக்கும் கழட்டக் கூடாது. சிலிண்டர்ல 50 பார் (பார் எண்டது காத்து அமுக்கத்தின்ர அளவு) மிச்சம் வையுங்கோ எண்டு சொல்லித்தந்தது இதுக்கும்தான். முழங்கால் தண்ணிக்கு வந்ததும் எழும்பி நடக்கத் தெண்டிக்காதேங்கோ, ஏலாட்டி தவழ்ந்து வாங்கோ. சனம் சிரிக்கும். சிரிக்கட்டும், அவைக்கு முதுகில சிலிண்டர் இல்லை.

கால் மணித்தியாலம் பார்த்தும் மனம் ஒத்துக்கொள்ளேல்லை எண்டா அண்டைக்கு டைவ் இல்லை. வாடகைக் காசு போச்சு, அவ்வளவுதான்.

கேள்வி: என்ர கூட்டாளி 100 பாரோட இருக்கேக்க நான் 50க்கு வந்திடுறன். ரெண்டு பேரும் ஒரே சைஸ் ஆக்கள். என்னால அவனும் மேல வரவேண்டிக் கிடக்கு. மூச்சைக் கொஞ்சம் பிடிச்சுப் பிடிச்சு விட்டா சரிவருமோ?
அ. ஜெ., தெமட்டகொட

பதில்: மூச்சைப் பிடிக்கிறது மட்டும் வேண்டாம், தலையிடிதான் மிஞ்சும், அதைவிட மோசமான காரணம் ஒண்டு கீழ மன்னார்த் தம்பிக்குச் சொல்லியிருக்கிறன், அதையும் வாசியுங்கோ.

முதல் கணக்கைப் பாருங்கோ. மேல ஒரு நிமிசத்துக்கு 20 லீற்றர் காத்து எடுக்கிற ஆள் எண்டு வைப்பம். பத்து மீற்றருக்கு ஒரு தரம், மேல இருக்கிற அமுக்கத்தின்ர அளவு இன்னொரு பங்கு கூடுது, அதால 8 மீற்றர்ல அதே மூச்சுக்கு 36 லீற்றர் போகும், 18 மீற்றர்ல 56. எங்கட வழமையான அலுமினியச் சிலிண்டர் 11 லீற்றர், 200 பார்ல 50ஐ ஒதுக்கிட்டா பாவிக்க இருக்கிறது 1,650 லீற்றர். 8 மீற்றர்ல 45 நிமிசம், 18 மீற்றர்ல அரை மணித்தியாலமும் இல்லை. ஆழத்துக்குப் போய்த்தான் டைவ் எண்டு நினைக்கிற ஆக்களுக்கு இதை எழுதிக் கண்ணாடியில ஒட்டிவிடோணும். கரை டைவின்ர பெரிய லாபமே இதுதான், ஆழம் இல்லை, அதால நேரம் இருக்கு, நேரம் இருந்தா பழகலாம்.

அடுத்தது ஈயம். புது ஆக்கள் கனபேர் தேவைக்கு மேல ஈயம் கட்டிக்கொண்டு திரியினம், கோர்ஸில கெதியாக் கீழ போகட்டும் எண்டு போட்டுவிட்டது அப்பிடியே தொடரும். ஈயம் கூடினா பிசிடியில காத்துக் கூட்டோணும், காத்துக் கூடினா உடம்பு சரிஞ்சு நிக்கும், கால் கீழ தொங்கும், அதைச் சரிக்கட்டக் கையை அடிப்பீங்கள், கையை அடிச்சா மூச்சு வாங்கும். மிச்சக் காத்தைக் காட்டுற உங்கட கேஜ்ல முள்ளு விழுறதுக்குக் காரணம் நுரையீரல் இல்லை, இடுப்பில இருக்கிற பெல்ட்டாத்தான் இருக்கும்.

செக் பண்ற விதம் லேசு. டைவ் முடிஞ்சு 50 பார் இருக்கேக்க, ஆள் நிக்கமுடியாத ஆழமான இடத்தில, தண்ணிக்கு மேல வந்து, பிசிடியை முழுக்கக் காலியாக்கி, சாதாரண மூச்சு ஒண்டை எடுத்து வைச்சுக்கொண்டு அசையாம நில்லுங்கோ. தண்ணி மட்டம் கண்ணடியில நிக்கோணும், மூச்சை விட்டா மெல்லத் தாழோணும். கல்லு மாதிரிப் போனீங்கள் எண்டா ஒரு கிலோவைக் கழட்டிட்டுத் திரும்பப் பாருங்கோ. டைவ் முடிவில பார்க்கச் சொல்றது ஏனெண்டா காத்துக்கும் பாரம் இருக்கு, 150 பார் பாவிச்சா சிலிண்டர் ஏறத்தாழ ரெண்டு கிலோ குறையும், தொடக்கத்தில சரியா இருந்தது முடிவில உங்களை மேல தூக்கும். ஸ்விமிங் பூல்ல சரியா இருந்த ஈயமும் கடலுக்குக் காணாது, உப்புத் தண்ணியில ரெண்டு கிலோ அளவு கூட வேண்டி வரும். எழுதி வையுங்கோ, எந்த உடுப்பு, எந்தச் சிலிண்டர், எத்தினை கிலோ எண்டு. டைவ் விபரம் எழுதுற லொக் புக்கில மீன் பேர் எழுதுறதைவிட இது பிரயோசனம்.

கேள்வி: எனக்கு மன்னார், வேலைக்காகக் கொழும்பில இருக்கிறன். இவ்வளவு காசு கட்டிக் கோர்ஸ் செய்தன் எண்டு சொன்னதும் ஊர்ல என்ர மச்சான் விழுந்து விழுந்து சிரிக்கிறான். அவன் கடலட்டைக்குச் சிலிண்டரோட இறங்குற ஆள், ஒரு கார்டும் இல்லை, டைவ் கொம்பியூட்டரும் (ஆழமும் நேரமும் கணக்குப் பார்க்கிற கருவி) இல்லை. எங்கட ஆக்கள் காலங்காலமாச் செய்யிற தொழிலுக்கு வெள்ளைக்காரன்ர புத்தகம் என்னத்துக்கு எண்டு கேக்கிறான். என்ன சொல்ல?
ஜே. பி., மட்டக்குளி

பதில்: உங்கட மச்சானுக்குக் கடலைப் பற்றி நான் ஒண்டும் சொல்லிக்குடுக்க வேண்டியதில்லை. காத்து, நீரோட்டம், கலங்கல் எல்லாம் அவருக்குத் தண்ணியைப் பார்த்தவுடன தெரியும், நீங்கள் ஊருக்குப் போனா அதை அவரிட்டப் பழகுங்கோ.

ஆனா காலங்காலமா எண்டது சரியில்லை. அரிப்பிலயும் சிலாவத்துறையிலயும் முத்துக்குளிச்ச ஆக்கள் கல்லைக் கட்டிக்கொண்டு, மேல எடுத்த ஒரு மூச்சோட இறங்கி, அதே மூச்சோட மேல வந்தவை. கீழ போகேக்க அந்தக் காத்து சுருங்கும், மேல வரேக்க பழைய அளவுக்கு வரும், நெஞ்சுக்கு ஒண்டும் ஆகாது. சிலிண்டர்க்காரன் அப்பிடி இல்லை, அவன் கீழ இருக்கேக்க அந்த அமுக்கத்திலயே நெஞ்சை நிரப்புறான். அதைப் பிடிச்சு வைச்சுக்கொண்டு மேல வந்தா அது விரியும், போக இடம் இல்லாட்டி நுரையீரல் கிழியும். அதுக்கு ஆழம் வேண்டாம், ஒண்டரை மீற்றர் காணும், அதாவது நீங்கள் கரை டைவில நிக்கிற இடமே காணும். மூச்சைப் பிடிக்காத எண்டு கோர்ஸில நூறு தரம் கத்தினது சும்மா இல்லை.

ரெண்டாவது, கடலட்டைத் தொழில்ல ஒரு நாளைக்குப் பல சிலிண்டர், நல்ல ஆழம், மேல வாற வேகத்துக்கு ஒரு கட்டுப்பாடும் இல்லை. ரத்தத்தில கரைஞ்ச நைதரசன் மெல்ல வெளியேற நேரம் குடுக்காட்டி குமிழாகும், மூட்டில போய் நிண்டா நோ, முள்ளந்தண்டில போய் நிண்டா கால் விளங்காமப் போகும். ஊர்ப் பக்கத்தில காலை இழுத்து நடக்கிற பழைய அட்டைக்காரர் ஆரும் இருந்தா மச்சானிட்ட அவையைப் பற்றிக் கேட்டுப் பாருங்கோ, அவருக்குத் தெரிஞ்ச பேர் ரெண்டு கட்டாயம் வரும். அந்தப் பொடியன்மார் விருப்பத்துக்கா அப்பிடி இறங்குகினம், வயித்துப்பாடு, அதில எங்களுக்குச் சிரிக்க ஒண்டும் இல்லை. நீங்கள் பொழுதுபோக்குக்குப் போறீங்கள், மெல்ல வர உங்களுக்கு நேரம் இருக்கு. நிமிசத்துக்கு 9 மீற்றருக்கு மேல ஏறாம, 5 மீற்றர்ல 3 நிமிசம் நிண்டு வாங்கோ. கரை டைவில மேல ஏறாம அடியோட அடியா வந்தாலே அந்த நிறுத்தம் தானா நடந்திரும்.

கேள்வி: மகளுக்கு 20 வயசு. தன்ர வயசு சிநேகிதிகளோட சேர்ந்து, எல்லாரும் புதுசாக் கோர்ஸ் முடிச்ச பிள்ளையள், ஆசிரியர் இல்லாமத் தாங்களே கரையில இருந்து டைவ் பண்ணப் போகினமாம். சுறா வந்தா என்ன செய்யிறது? நித்திரையே வருகுதில்லை.
ஒரு அம்மா, பம்பலப்பிட்டி

பதில்: அம்மா, சுறாவை விடுங்கோ. திருகோணமலையில புறாமலைத் தீவுப் பக்கம் இருக்கிற கறுத்த முனைச் சுறா பிள்ளையளைக் கண்டா தானே ஓடிரும், அதைப் பார்க்கத்தான் சனம் காசு கட்டி நிலாவெளியில இருந்து வள்ளம் பிடிச்சுப் போகுது. கடிக்கிற மீன் எண்டு கேட்டா நான் கிளாத்தியைச் சொல்லுவன், பெரிய சாதிக் கிளாத்தி கூடு காக்கிற நேரம் துரத்தித் துரத்திக் கடிக்கும், மேல எழும்பாமப் பக்கத்தால விலகிப் போகச் சொல்லுங்கோ. மற்றது எதையும் தொடாம இருந்தாச் சரி, கல்லுமீனும் கடல் முள்ளெலியும் தேடி வந்து குத்துறதில்லை, கையையும் காலையும் நாங்கள்தான் கொண்டுபோய் வைக்கிறது. கல்லுமீன் குத்தினா தாங்கக்கூடிய சூட்டுத் தண்ணியில அந்த இடத்தை வைச்சுக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போகோணும்.

போகவேண்டாம் எண்டு மறிக்காதேங்கோ, சொல்லாமப் போகப் பழகிருவினம். நாலு கேள்வி கேளுங்கோ. கரையில ஆர் நிக்கினம், எத்தினை மணிக்கு வெளியால வருவினம், எவ்வளவு ஆழம், ஒராளை ஒராள் தவறவிட்டா என்ன செய்வினம். கடைசிக் கேள்விக்கு அவ உடன பதில் சொல்லோணும், ஒரு நிமிசம் சுத்திப் பார்த்திட்டு மேல வாறது எண்டு. யோசிச்சா, பிள்ளை இன்னும் தயாரில்லை. கார்டின்படி ரெண்டு புது ஆக்கள் சேர்ந்து போகலாம்தான், ஆனா முதல் கொஞ்ச டைவுக்குக் கூட ஒரு பழைய ஆள் இருக்கிறதுதான் என்ர விருப்பம். அந்தக் காசை நீங்களே குடுங்கோ, நித்திரை வரும்.

கேள்வி: உள்ள போன இடம் ஒண்டு, வெளியால வந்த இடம் ஒண்டு. தலையைத் தூக்கினா எங்கட ஆக்கள் ஒரு கிலோமீற்றர் தள்ளிக் குட்டியாத் தெரியினம். திசைகாட்டி கையில கட்டித்தான் இருந்தது!
ச. வி., இராஜகிரிய

பதில்: கட்டினாக் காணாது, பார்க்கோணும். இறங்க முதல் கரையில நிண்டு கடலுக்கு நேராப் பிடிச்சு எண்ணைப் பாருங்கோ, 240 எண்டா திரும்பி வர 60, அதை உள்ள போக முதலே கூட வாறவருக்கும் சொல்லுங்கோ. தண்ணிக்குள்ள போய்க் கூட்டிக் கழிக்கிற வேலை வேண்டாம், கீழ மூளை மந்தமாத்தான் ஓடும். மணல் அடியெண்டா வரிவரியாக் கிடக்கும் பாருங்கோ, அந்த வரி பெரும்பாலும் கரைக்குச் சமாந்தரமா ஓடும், அதைக் குறுக்கா வெட்டிக்கொண்டு ஆழம் குறையிற பக்கம் போனாக் கரை.

தள்ளி வந்ததுக்கு உண்மையான காரணம் நீரோட்டம்தான். தொடங்கேக்க அதுக்கு எதிராப் போகோணும், திரும்பேக்க அது கொண்டுவந்து விடும். நீங்கள் சுகமா இருக்கெண்டு அதோட போயிருப்பீங்கள். சிலிண்டர்க் காத்தில மூண்டில ஒரு பங்கு முடிஞ்சதும் திரும்பினா இப்பிடி நடக்காது. கரையில ரெண்டு அடையாளத்தை ஒண்டுக்குப் பின்னால ஒண்டா நேராக்கிப் பார்த்து வையுங்கோ, முன்னுக்கு ஒரு தென்னை, பின்னுக்கு ஒரு ஹோட்டல் கூரை எண்டு, மேல வந்து பார்த்தா எந்தப் பக்கம் விலகினது எண்டு உடன தெரியும், மீன்பிடிக்கிற ஆக்கள் நடுக்கடல்ல கல்லைக் கண்டுபிடிக்கிறதே இப்பிடித்தான். மற்றது, கீழ ஆள் இருக்கெண்டு காட்டுற ஒரேஞ்சு மிதவை இல்லாம மேல வராதேங்கோ, எங்கட கரையில வள்ளம் வேகமா ஓடுது, தண்ணிக்கு மேல இருக்கிற ஒரு கறுத்தத் தலையை ஓட்டுறவர் காணமாட்டார்.

கேள்வி: காது அடைக்குது, தடிமனுக்கு ஒரு குளிசை போட்டிட்டு இறங்கலாமா? மாஸ்க்கும் நெடுகப் புகார் மாதிரி மூடுது.
பலபேர்

பதில்: தடிமனோட இறங்க வேண்டாம். குளிசை நடுவில வேலை செய்யிறதை விட்டா, மேல வரேக்க காத்து வெளியேற ஏலாம காதுக்குள்ள மாட்டும், அது இறங்கேக்க வாற நோவைவிட மோசம். தடிமன் இல்லாட்டி, நோ வர முதலே, ஒவ்வொரு மீற்றருக்கும் முதல் மூக்கைப் பிடிச்சு மெல்ல ஊதுங்கோ, கால் கீழ, தலை மேல. ஆழம் இல்லைத்தானே எண்டு விடாதேங்கோ, அமுக்கம் ரெண்டு மடங்காகிறது முதல் 10 மீற்றருக்குள்ளதான். புது மாஸ்க் எண்டா உள்ளுக்கு மெல்லிய படலம் ஒண்டு இருக்கும், வெள்ளைப் பற்பசை போட்டு விரலால நல்லாத் தேய்ச்சுக் கழுவுங்கோ, பேந்து ஒவ்வொரு தரமும் எச்சில் காணும். அருவருப்பெண்டா பேபி ஷாம்பு.

கேள்வி: நான் தலை மூடித்தான் வெளிய போறனான். டைவுக்கு என்ன போடலாம்? மாஸ்க்குக்குள்ள தண்ணி வருது.
ஃபா. ரி., தெஹிவளை

பதில்: தங்கச்சி, கழுத்து வரைக்கும் மூடின டைவிங் ஹூட் எண்டு தனியாவே இருக்கு, எல்லா நாட்டிலயும் ஆம்பிளை பொம்பிளை எல்லாரும் போடுறதுதான். எங்கட கடல் 28 பாகை பக்கம் இருக்கிறதால மெல்லிய லைக்ரா காணும். கீழ முழு நீள ராஷ் கார்டும் (உடம்போட ஒட்டின நீச்சல் சட்டை) லெகின்ஸும், அதுக்கு மேல பிசிடி, லூசாப் பறக்கிற துணி மட்டும் வேண்டாம், வார்ல சிக்கும். தண்ணி வாறதுக்குக் காரணம் மாஸ்க்கின்ர சிலிக்கன் விளிம்புக்கும் தோலுக்கும் நடுவில துணி மாட்டுறதுதான், விளிம்பு முழுக்கத் தோலில படியிற மாதிரி மாஸ்க்கைப் போட்டிட்டு, ஹூட்டின்ர ஓரத்தை அதுக்கு மேலால இழுத்து விடுங்கோ.

கேள்வி: என்ன சாமான் முதல்ல வாங்குறது?
கே. என்., நுகேகொட

பதில்: முகத்துக்குப் பொருந்துற மாஸ்க் ஒண்டு, பேந்து டைவ் கொம்பியூட்டர். மற்றது எல்லாம் வாடகை. புறக்கோட்டையில தொங்குற பிளாஸ்டிக் கண்ணாடி போட்ட சின்னப்பிள்ளையின்ர செட் வேண்டாம், கண்ணாடியில டெம்பர்ட் (உறுதியாக்கின கண்ணாடி) எண்டு எழுதியிருக்கோணும்.

கேள்வி: திருகோணமலையில கோணேசர் கோயிலுக்குக் கீழ, கடலுக்குள்ள பழைய கோயில் தூண் எல்லாம் கிடக்காம். புது ஆள் போய்ப் பார்க்கலாமா?
ம. க., கொள்ளுப்பிட்டி

பதில்: கிடக்கு. 1956இல எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் அவரின்ர டைவிங் கூட்டாளி மைக் வில்சனும் அந்தப் பாறைக்குக் கீழ இறங்கி, போர்த்துக்கீசர் இடிச்ச கோயிலின்ர மிச்சங்களைக் கண்டவை. போகலாம், ஆனா கிழக்குக் கடல் அடங்கின மாசத்தில, அந்த இடம் தெரிஞ்ச திருகோணமலை ஆளோட, வள்ளத்தில. குத்தெனக் கடலுக்குள்ள இறங்குற பாறை அது, கரையில நடந்து இறங்குற இடமில்லை. செதுக்கின கல்லு ஒண்டைக் கண்டா கையை நெஞ்சில கட்டிக்கொண்டு பாருங்கோ, பிடிச்சுப் பார்க்காதேங்கோ. நேர்த்தி ஏதும் இருந்தா மேல கோயில்ல வைக்கலாம்.

கேள்வி: ஞாயிறு ஹிக்கடுவயில ரெண்டு டைவ் முடிச்சிட்டு, அண்டைக்குப் பின்னேரமே வெளிக்கிட்டு ராவுக்கு நுவரெலியாவில நிக்கிறதா பிளான். பிளேன் ஏறினாத்தானே பிரச்சினை, ரோட்டால வான்ல போறதுக்கு என்ன?
டீ. ஆர்., கிருலப்பனை

பதில்: உங்கட ரத்தத்தில கரைஞ்சிருக்கிற நைதரசனுக்குப் பிளேனா வானா எண்டு தெரியாது, வெளியில அமுக்கம் குறையுதா எண்டதுதான் கணக்கு. நுவரெலியா 1,868 மீற்றர், பறக்கிற பிளேன் ஒண்டுக்குள்ள இருக்கிற அமுக்கமும் ஏறத்தாழ அந்த உயரத்துக்குரியதுதான். அதால பிளேனுக்குச் சொல்ற அதே காத்திருப்பு, ஒரு டைவ் எண்டா 12 மணித்தியாலம், ரெண்டு அல்லது அடுத்தடுத்த நாள் எண்டா 18. ஹற்றன், பண்டாரவளை எல்லாம் 1,200 மீற்றருக்கு மேல, அதுக்கும் இதுதான். கண்டி 500 மீற்றர் பக்கம், அவ்வளவு பயமில்லை, திருகோணமலையில இருந்து ஹபரண, குருநாகல் பாதையால கொழும்புக்கு வாறதிலயும் உயரம் இல்லை.

நீங்கள் பகல் 12 மணிக்கு ரெண்டாவது டைவ் முடிச்சா, திங்கள் காலமை 6 மணிக்குப் பிறகு மலை ஏறலாம். ஞாயிறு ராவு ஹிக்கடுவயிலயோ காலியிலயோ தங்கிட்டு விடிய வெளிக்கிடுங்கோ. நுவரெலியா ரூம்காரர் ஒரு நாள் தள்ளிப் போட விடுவினமா எண்டு இப்பவே ஒரு கோல் எடுத்துக் கேளுங்கோ, ஏப்ரல் எண்டா கஷ்டம்தான்.